ஒரு ஸ்மால் என்றால் எவ்வளவு?

உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று வருடமாக ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். 'ஸ்மால்' என்ற சொல்லில் சந்தேகம் என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் வந்ததில்லை. ஸ்மால் என்றால் சிறிய. எதிர்ச்சொல் பிக். எறும்பு ஸ்மால், யானை பிக். போர்டில் இரண்டு படம் போட்டால் பாடம் முடிந்தது. அதில் எனக்குத் தெரியாத அர்த்தம் ஒன்று இருக்கிறது என்று போன வருடம் தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குப் பித்தப்பையில் கல். மூன்று மாதமாக, சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாயு என்று சொல்லி ஓமத்தை மென்றுகொண்டிருந்தவரை நான்தான் ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஸ்மால் ஸ்டோன்ஸ்தாம்மா," என்றார் சர்ஜன். "வயித்துல நாலு ஸ்மால் ஓட்டை போட்டு, பித்தப்பையையே எடுத்துடலாம். ஸ்மால் ப்ரொசீஜர்."

கல் ஸ்மால், ஓட்டை ஸ்மால், வேலையும் ஸ்மால். எடுக்கப்போவது என்னவோ ஒரு முழு உறுப்பை. இவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

அடுத்த அறையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். சின்னப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பல் ஏதாவது ஆடுகிறதா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், நிமிராமல் கேட்டார்.

"ட்ரிங்க்ஸ் பழக்கம் இருக்கா சார்?"

நான் சிரித்துவிட்டேன். "அதெல்லாம் கிடையாதுங்க."

"அவரே சொல்லட்டும் மேடம். மயக்க மருந்து விஷயம், மறைக்கக் கூடாது."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தார். "எப்பவாவது... ஒரு ஸ்மால்."

ஒரு ஸ்மால் என்ன? பெயரடை இருக்கிறது, பெயர்ச்சொல்லைக் காணோம். என் வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "மாசத்துக்கு எத்தனை தடவை?" என்றார்.

"ரெண்டு."

எனக்கும் புரிந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருடம்.

ஸ்ரீரங்கம் திரும்பும் வரை ஆட்டோவில் நான் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் முன்னால் என்ன பேசுவது? காவிரிப் பாலத்தில் இவர் "இந்த வருஷம் தண்ணி நல்லா வருதுல்ல?" என்றார். தண்ணி என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்த நேரத்தை நினைத்து இன்றைக்கும் வியக்கிறேன்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டேன். "ஒரு ஸ்மால்னா எவ்வளவு?"

"முப்பது மில்லி. ஒண்ணுமே இல்ல."

இருமல் மருந்து பாட்டிலின் மூடியை எடுத்துவந்தேன். பத்து மில்லி மூடி. மூன்று தடவை தண்ணீர் பிடித்து டம்ளரில் ஊற்றினேன். டம்ளரின் அடி கொஞ்சம் நனைந்தது, அவ்வளவுதான். அவர் முகத்தில் வெற்றிக்களை. "பாத்தியா?"

"இதுக்காகவா மாசம் ரெண்டு தடவை ஆடிட் மீட்டிங்னு சொல்லிட்டுப் போவீங்க? எத்தனை ஸ்மால்?"

களை போய்விட்டது. "ரெண்டு." கொஞ்ச நேரம் கழித்து, "மூணு." அதற்குப் பிறகு வந்தது, "ரெண்டு ஸ்மால் சேந்தா ஒரு லார்ஜ். நான் லார்ஜ் வாங்குறதே இல்ல."

கணக்கு சரிதான். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. இருவரும் ரொட்டி தின்றோம்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் வந்து, "ஒரு ஸ்மால் சைன் போடுங்க மேடம்" என்றார். மூன்று பக்கம். என்னென்ன ஆகலாம் என்று எல்லாமே அதில் இருந்தது. முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய கண்ணாடியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கோபம் தீரவில்லை, ஒரு வார்த்தை சொல்லாமலே உள்ளே அனுப்பினேன்.

முக்கால் மணி நேரம் என்றார்கள். ஒன்றரை மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். மூன்றாவது பக்கத்தில் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 'பயப்படாதீங்க' என்று ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். முப்பது மில்லி, அறுபது மில்லி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டரை மணி நேரம் ஆனபோது சர்ஜன் வந்தார். "ஸ்மால் டிலே. பித்தப்பை ஈரலோட ஒட்டிட்டிருந்தது. இப்ப நல்லா இருக்கார்." கும்பிட்டேன். மூச்சு சீரான பிறகு, டிலே பிக் என்றுதான் தோன்றியது.

மயக்கம் தெளிந்து கண் விழித்தவர் முதலில் கேட்டது கண்ணாடியை. போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டு, "கோபமா?" என்றார்.

"ஆமா," என்றேன். கோபப்பட ஆள் இருக்கிற நிம்மதி எனக்கு.

டிஸ்சார்ஜ் அன்று, கொஞ்ச நாளைக்கு ட்ரிங்க்ஸே கூடாது என்று அவரிடம் சொன்ன டாக்டர், என் பக்கம் திரும்பி, "சாப்பாடு மட்டும் ஸ்மால் ஸ்மால் மீல்ஸா, ஒரு நாளைக்கு ஆறு தடவை கொடுங்க," என்றார். குற்றம் இவருடையது, ஆறு வேளைச் சமையல் எனக்கு. மூன்று நாள் பொங்கினேன். நான்காம் நாள் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அரிசி டப்பாவையும் குக்கரையும் காட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ரசம் வைத்திருந்தார். புளி கூடுதல், உப்பு போடவே இல்லை. நான் உப்பு டப்பாவைத் தேடாமல் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.