சித்திரையில் குறைந்த ஐஸ் பெட்டி

பழைய இரும்பு வாங்கப் போனால் வாசலில் நிறுத்தி விலை பேசுவார்கள். நஞ்சுக்கொடி கேட்டுப் போனால் விளக்குமாற்றைத் தேடுவார்கள். வீடு வீடாக ஏறி இறங்கித் தொழில் செய்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

எண்பதுகளில் எனக்கு அதுதான் பிழைப்பு. பரம்பரையாக வரும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. உடம்பில் ஒரு என்ஸைம் குறைவதால் கொழுப்பு கரையாமல் மண்ணீரலில் தேங்கி, வயிறு குடமாக வீங்கிவிடும். பிரசவத்தில் விழும் நஞ்சுக்கொடியிலிருந்து அந்த என்ஸைமைப் பிரித்து, வெளிநாட்டில் சில பிள்ளைகளுக்கு ஊசியாக ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊசிக்கே மலைமலையாக நஞ்சுக்கொடி வேண்டும். திருச்சி பிரசவ ஆஸ்பத்திரிகளில் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் அடைத்து பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என் வேலை. அங்கிருந்த டாக்டரம்மா, ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு சிறுமியின் போட்டோவை அனுப்பியிருந்தார். அது எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும்.

ஐஸ் கடை பாய்

தென்னூர் ஐஸ் கடை பாய், பெட்டிக்குள் என்னவென்று தெரிந்ததும் "தோபா தோபா!" என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். தெருவே கூடும்படி கத்திவிட்டு, கடைசியில் போட்டோவை நீட்டினேன். பாய் சிறுமியின் வீங்கிய வயிற்றைப் பார்த்தார். பிறகு ஐஸ் பாரை உடைத்து உப்பைக் கொட்டியபடி சொன்னார்:

"இதை மொதல்லயே காட்டியிருந்தா உங்க தொண்டையும் தப்பிச்சிருக்கும், என் காதும் தப்பிச்சிருக்கும் தம்பி."

ஸ்ரீரங்கத்து மாமா

பேரன் பிறந்த சந்தோஷத்திலும் நஞ்சுக்கொடியைத் தர மாமா அசையவில்லை. "அதை ஆத்துக் கொல்லையில புதைக்கணும், ஓய். நாய் கீய் தோண்டப்படாது. குழந்தை ஆயுசு சமாசாரம்!" நானும் விடவில்லை. "கொடியில ஒரு துண்டு உங்க கொல்லைக்கு, மத்ததெல்லாம் இந்தப் பொண்ணோட ஆயுசுக்கு" என்று போட்டோவைக் காட்டினேன். மாமா கண்ணை மூடி யோசித்தார்.

"பெருமாளுக்கே ஒரு துளசி தளம் போறும், பூமாதேவிக்கு ஒரு துண்டு போறாதா? எடுத்துண்டு போம்!"

அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் அதே பேரம்தான்.

பம்பாய் டிரங்க் கால்

சித்திரை வந்தால் எங்களுக்குப் பஞ்சம். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்களே, சித்திரையில் முதல் பிரசவம் எங்கிருந்து வரும்? டாக்டரம்மா போனில் பதறினார். பெட்டி கழுத்து மட்டும் நிறைந்து வந்தால்தான் அந்த வாரம் என்ஸைம் எடுக்க முடியுமாம். இல்லாவிட்டால் அந்தச் சிறுமிக்கு ஊசி தள்ளிப்போகும், வயிறு மறுபடி வீங்கும். நான் ஆடிக் கதையைச் சொன்னேன். அவர் பம்பாய் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆடி வழக்கம் அவருக்குப் புதுசு.

"அப்போ போன ஆடியிலேயே உங்க ஊர் மாமியார்களுக்கெல்லாம் நான் தந்தி அடிச்சிருக்கணுமா?"

காட்டூர் மாமியார்

என் மாமியார் காட்டூர்க்காரர். கல்யாணமான வருஷம் ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போனார். நான் வாசலில் நின்று சத்தம் போட்டு, அந்த வாரமே மனைவியைக் கூட்டி வந்துவிட்டேன். பலன், டாக்டரம்மா பதறிய அதே சித்திரையில் மனைவிக்குப் பிரசவ வலி!

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். பெட்டி கழுத்தை எட்ட இன்னும் கொஞ்சம்தான் குறை, வண்டிக்கு நேரமாகிறது. மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் மறித்து நின்றார். "சித்திரையில பெறக்க வச்சுட்டீங்க. நஞ்சுக்கொடியாவது என் வீட்டுத் தென்னைக்கடியிலதான் போகணும்." ஒரு துண்டு என்றேன். "துண்டும் வேணும். மொட்டை, காதுகுத்து எங்க குலதெய்வக் கோயில்ல. அடுத்த ஆடிக்குப் பொண்ணு என் வீட்டுல. வாசல்ல வந்து கத்தக்கூடாது. சரின்னா எடுத்துட்டுப் போங்க." வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைத்துக் கேட்காமல் "சரிங்க அத்தை" என்றேன்.

பிரசவ வார்டு ஆயா ரோசரியம்மாள் பெட்டி மூடியை அழுத்திச் சாத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்:

"நல்லவேளை சார், போன ஆடியில நீங்க அடங்கி இருக்கல!"

அந்தச் சிறுமிக்கு ஊசி தள்ளிப்போகவில்லை; பேரத்தில் நான் முழுசாகத் தோற்றதும், சித்திரையில் பெட்டி முழுசாக நிறைந்ததும் அந்த ஒரே தடவைதான்.