பொம்மை பாஸான பரீட்சை

என் அம்மாவின் கடைசித் தங்கைக்கு மூன்றாவதாகப் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்துப் பதிவில் வேறு பெயர். எங்களுக்கெல்லாம் பொம்மை. அந்தப் பெயரை வைத்தது என் வீட்டுக்காரர்தான். அவளுக்குப் பதினாறு வயது இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் இவர் ஏதோ கிண்டல் செய்ய, அவள் சிரித்தாள். சிரித்த வேகத்தில் முழங்கால் மடங்கி, தலை தொங்கி, துணிப்பொம்மை மாதிரி தரையில் சரிந்துவிட்டாள். கண் திறந்துதான் இருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்ததாம். அரை நிமிஷத்தில் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாலு பேர் கூடினால் போதும், அவளைச் சிரிக்க வைத்து விழ வைப்பது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. நடிப்பு என்றாள் அவள் அண்ணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் அண்ணியின் கைக்குழந்தையோடு சரிந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றோடு சிரிப்பதை விட்டுவிட்டாள். யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். உம்மணாமூஞ்சி என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தோம்.

தூக்கமும் அந்த வயதில் பிடித்ததுதான். இரவெல்லாம் படுத்து எழுந்தாலும் பகலில் கண் சொக்கும். சாப்பிட்ட கை காய்வதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். கல்யாணமாகிப் புருஷனும் தவறிப் போன பிறகு தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிற மெஷினுக்குப் போனாள். சொக்கும்போது தொடையில் குத்திக்கொள்ள ஓர் ஊக்கு எப்போதும் கூடவே இருக்கும். அப்படியும் ஊசி இரண்டு தடவை விரலில் இறங்கியது. மூன்றாம் தடவை இறங்கியபோது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி டாக்டர் எழுதின காகிதத்தோடு வா, அதைப் பார்த்துத்தான் முடிவு என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். வியாதி என்று எழுதிவிட்டால் வேலை போச்சு என்று அவள் நினைத்தாள். நானும்தான்.

துணைக்கு நான் போனேன். டாக்டர் நல்ல மனுஷர், நிறையக் கேட்டார். கடைசியில், சிரித்தாலோ கோபம் வந்தாலோ கைகால் தளர்ந்து போகுமா என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இவ சிரிச்சே இருபது வருஷம் ஆச்சுங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். நடிப்பு என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவள், டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்?

ஒரு ராத்திரி அங்கேயே படுக்க வைத்து, மறுநாள் பகலில் டெஸ்ட். தலை நிறைய ஒயர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், இருட்டு அறையில் இருபது நிமிஷம் படுக்க வேண்டும். அப்படி ஐந்து தடவை. எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறாள் என்று மெஷின் பார்க்குமாம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஐந்தாவது தடவை முடிந்து வந்தவள் பாவாடையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். தொடை பூராவும் புள்ளி புள்ளியாக ரத்தம்.

"அஞ்சு தடவையும் கண்ணை மூடல அக்கா."

கெட்டிக்காரிடி என்றேன். சொன்னேனே, இந்த வாயால்.

காகிதத்தில் எல்லாம் நார்மல் என்று வந்தது. வராந்தாவில் அதைக் கையில் வாங்கினதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருபது வருஷத்துச் சிரிப்பு. அப்படியே மடங்கிச் சுவரோடு சரிந்தாள். டாக்டர் அறை பத்தடி தூரம், கதவு சாத்தியிருந்தது. நான் பசி மயக்கம் என்று தண்ணீர் வாங்கி வர ஓடினேன்.

சூப்பர்வைசர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"வியாதின்னு எழுதியிருந்தா துணி மடிக்கிற மேஜைக்கு மாத்தலாம்னு மேனேஜர்கிட்ட பேசி வச்சிருந்தேன்மா. ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கு. ஒண்ணுமில்லாம வேலை நேரத்துல தூங்கினா, நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

அன்றே நின்றது வேலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"நான் பாஸாத்தானே அக்கா ஆனேன்?"

அப்புறம் ஒரு வீட்டில் துணி துவைக்கச் சேர்ந்தாள். மூன்றாவது மாசம், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல வெயில். கண் சொக்கியிருக்கும், கீழே விழுந்ததோடு சரி. வேலை போன வருத்தத்தில் குதித்துவிட்டாள் என்று அவள் அண்ணி போகிற இடமெல்லாம் சொன்னாள். நான் யாரோடும் சண்டை போடவில்லை.

பத்து மாசம் கழித்து எனக்கு ஒரு போன். ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா. தூக்கம் தூக்கம் என்று வந்து, டெஸ்டில் நார்மல் என்று போனவர்களுடைய பழைய ஃபைல்களை எடுத்து மறுபடி விசாரிக்கிறார்களாம். சிரித்தால் முழங்கால் மடங்குமா என்றாள்.

"மடங்கும்மா. அதனாலதான் அவளுக்குப் பேரே பொம்மை."

ஊக்கு விஷயத்தையும் சொன்னேன். டெஸ்ட் அன்றைக்கும் குத்திக்கொண்டாளா என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம், இது மூளையில் வருகிற வியாதி, சோம்பலும் இல்லை நடிப்பும் இல்லை, மாத்திரை இருக்கிறது, நாளைக்கே கூட்டிக்கொண்டு வர முடியுமா என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா என்னவோ ஆறுதலாகப் பேசினாள், எனக்கு அது ஏறவில்லை. போனை வைக்கப் போனவளை நிறுத்தினேன்.

"அந்த சிரிப்புக் கேள்விக்கு 'இல்லை'ன்னு எழுதியிருக்கும் பாருங்கம்மா. அதைச் சொன்னது அவ இல்ல, நான். அடிச்சிட்டு ஆமான்னு எழுதிக்கங்க."