சினிமாவில் அழுத சின்யோரா

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் பல வருடம் வேலை செய்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம், சின்யோரா என்று நான் கூப்பிடும் அந்த வீட்டம்மா தோழிகளோடு சேர்ந்து தேவாலய மண்டபத்தில் படம் காட்டத் தொடங்கினார். எல்லாமே கறுப்பர்களை ஒதுக்கிவைத்த நாடுகளைப் பற்றிய படங்கள். "நீ என் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்" என்றார்.

ஒரு படத்தில், கறுப்பினச் சிறுமி இறங்கிவிட்டாள் என்று நீச்சல்குளத்து நீரையே வெளியேற்றுவார்கள். சின்யோரா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். எனக்கும் அழுகை வந்தது. வெளிச்சம் போட்டதும், "இவளுடைய மகள் எனக்குப் பேத்தி மாதிரி" என்று எல்லோருக்கும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்: "எங்களையும் மனிசராய் நினைக்கிற ஒரு ஆள் இஞ்சை இருக்கு."

"ஓம், நல்ல மனிசி" என்றார் அவர்.

கோடையில் மொண்டெல்லோ கடற்கரையில் சின்யோரா உடை மாற்றவும் இளைப்பாறவும் ஒரு மர அறை வாடகைக்கு எடுப்பார். பள்ளி விடுமுறை என்பதால் என் மகளையும் கூட்டிவரச் சொன்னார். ஏழு வயது அவளுக்கு. கடலில் விளையாடிவிட்டு, அறைகளுக்குப் பொதுவான குழாயின் கீழ் நின்று உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைப் பெண் வந்து சின்யோராவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். சின்யோரா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளையை இனி வீதியோரக் குழாயில் கழுவு. எனக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறதாம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என்ன சொல்வது? வருடா வருடம் பக்கத்தில் இருப்பவர்கள்."

"அந்தக் குளத்துப் படத்துக்கு அழுதீர்களே."

அவர் முகம் சிவந்தது. "அது வேறு. அது அமெரிக்கா."

மகள் பாதிச் சவர்க்காரத்தோடு நின்றாள். "அம்மா, ஏன் நான் இஞ்சை குளிக்கேலாது?"

பக்கத்து அறைக்காரியை நினைத்து எனக்கு நோகவில்லை. அப்படியானவர்களை எனக்குத் தெரியும். இந்த மனிசிக்குப் பக்கத்தில் இருந்துதானே நான் அழுதேன். மகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு நாங்கள் குடியிருந்த சீசா பகுதிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் உடம்பைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

"இனி அங்கை போகமாட்டன்" என்று வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

அவர் கேட்டார்: "வேலை இல்லாமல் பெர்மெஸ்ஸோ எப்பிடிப் புதுப்பிக்கிறது?"

நாட்டில் தங்கும் அனுமதி அந்த வேலையில்தான் தொங்கியது. திங்கட்கிழமை திரும்பிப் போனேன். சின்யோரா தன் கையால் எனக்குக் காப்பி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டுத் துணி தேய்க்கத் தொடங்கினேன். அடுத்த வருடம் சீசாவில் ஒரு சலவைக் கடையில் வேலை கிடைத்ததும் விலகினேன்.

மகள் அதன் பிறகு மொண்டெல்லோவுக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள். கோடையில் அவளைக் கல்லும் பாசியுமான வேறொரு கரைக்குத்தான் கூட்டிப்போவோம்.