தங்கை மகளுக்குக் காது குத்திய நாள்

"இனி உமக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லை." ஆவுடையார்கோவிலிலிருந்து என் தங்கையின் புருஷன் 9-8-1943 தேதியிட்டு எழுதிய கார்டில் இருந்தது இந்த ஒரே வரி. கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அப்போது நான் ஆலங்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். அந்த ஏப்ரலில்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தேன். தாய் தகப்பன் இல்லாத எனக்கு நெருங்கிய உறவென்று இருந்தவள் தங்கை செல்லம்மாள் ஒருத்தி. அவள் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் தேங்காய் உடைத்துப் பூசை முடித்த பிறகே குழந்தையை மடியில் வாங்க வேண்டும். பூசைக்கு என் மனம் இடங்கொடுக்கவில்லை. காரணங்களை வேத வசன எண்களோடு ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். எழுத்தறியாத தங்கைக்கு அதை உறவினர் நடுவில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆறு பக்கத்தில், 'குழந்தைக்கு மடி தர வருகிறேன்' என்று ஒரு வரி நான் எழுதவில்லை! கார்டு வந்த பிறகே அது உறைத்தது.

மூன்று வெள்ளிக்கிழமை உபவாசமிருந்தேன். "ஆண்டவரே, உம்மை விடமாட்டேன். அவளை விடவும் முடியவில்லை." இதுதான் என் ஜெபம். அழுதேன்.

29-8-1943, ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தால், வாசலில் செல்லம்மாள்! இடுப்பில் குழந்தை. யுத்தகாலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸின் புகை முகமெல்லாம். பின்னால் காது குத்தும் ஆசாரி. அன்று விடியற்காலை கோயிலில் எனக்குப் பதிலாக எங்கள் பங்காளி ஒருவர் மடியில் குழந்தையை வைக்கப் போனபோது, இவள் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாளாம்.

"அண்ணே, ஒன் சாமிய நான் கும்பிட மாட்டேன். எம்புள்ளைக்கு ஒன் மடிதான் வேணும்."

பூசை இல்லாமலா என்று இழுத்தேன்.

"தேங்கா ஒடைக்கச் சொன்னேனா? ஆறு பக்கம் எழுதத் தெரியுது, ஒக்காரத் தெரியலையா?"

"சட்டுன்னு ஒக்காருங்க வாத்தியாரே, பஸ்ஸு போயிரும்" என்றார் ஆசாரி.

உட்கார்ந்தேன். குழந்தை வீறிட்டது. நானோ சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன்!

பங்காளிகள் இன்றும் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த நஷ்டம் தீரவில்லை. ஆனால் அன்றுமுதல், மறுக்க வேண்டியதைச் சொல்லுமுன் கொடுக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். கர்த்தருக்காக உறவை இழந்து தவிக்கிறவர்களே, அந்த உறவின் பெயரையே சொல்லி அவரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார்!

ஒன்று மட்டும் ஊர்ஜிதமாகவில்லை. அன்று அவர்களை அறந்தாங்கி வரை கூட்டிவந்து பஸ் ஏற்றியவர் என் தங்கையின் புருஷன்தான் என்கிறார் ஆசாரி. செல்லம்மாள் இல்லையென்று சிரிக்கிறாள். அவரிடமே கேட்க எனக்கு இன்னும் நா எழவில்லை.