என்னுடையது என்று சொல்லப்பட்ட முறை

லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் நர்சிங் கல்லூரியில், ஒரு மதிய இடைவேளையின்போது முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் இருக்கும் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி கல்லூரி ஆசிரியர்கள் எல்லாரும் வரும் சனிக்கிழமை ஒன்றுகூடி, அவரவர் வகுப்பில் செய்துபார்த்த புதிய கற்பித்தல் முறைகளைப் பகிர்ந்துகொள்ளப் போகிறார்களாம். எங்கள் கல்லூரி சார்பில் நான் பேச வேண்டும் என்றார்.

எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன்.

"உங்க முறையைப் பத்திதான் மேடம். படிச்சு முடிச்சுப் போற பிள்ளைங்ககிட்ட, யாரு வகுப்பு வார்டுல உதவுச்சுன்னு கேட்டேன். நாலஞ்சு பேரு உங்களைச் சொன்னாங்க. நீங்க நடத்துற விதமே வேறயாம்."

என்ன விதம் என்று நான் மறுபடியும் கேட்டதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். கால் மணி நேரம் பேசினால் போதும் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டார்.

நான் சமுதாய நல நர்சிங் நடத்துகிறேன். வீடுகளுக்குப் போய் நோயாளிகளோடு எப்படிப் பேசுவது, வீட்டைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது என்பதெல்லாம் என் பாடம். இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்தவரை எல்லாரையும் போலத்தான் நடத்தி வந்திருக்கிறேன். அன்று ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது என் வகுப்பை நானே நினைத்துப் பார்க்க முயன்றேன். போர்டு ஞாபகம் வந்தது, பிள்ளைகளின் முகங்கள் வந்தன. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் வரவே இல்லை.

மறுநாள் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடமே கேட்டேன். நான் பின் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் பிடிக்கும் என்றாள் ஒருத்தி. முன்னால் இருக்கும் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவதால்தான் அங்கே போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நிறைய உதாரணம் சொல்வேன் என்றாள் இன்னொருத்தி. உதாரணமே சொல்ல மாட்டேன், தாங்களேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பு முடிந்தபோது, வரும்போது இருந்த தெளிவும் என்னிடம் இல்லை.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த தோழி ஒருத்தி அதே கல்லூரியில் குழந்தை நலம் நடத்துகிறாள். என் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்லும்படி அவளைக் கேட்டுக்கொண்டேன். வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழு மணி நேரமும் பார்த்தாள். வெளியே வந்ததும் வராண்டாவில் என்னை நிறுத்திச் சொன்னாள்.

"நீ கேள்வி கேட்டுட்டு அப்புறம் பேசவே மாட்டேங்கற. எனக்கே பயமா இருந்துச்சு. நாங்க எல்லாம் ரெண்டு நொடி பாத்துட்டு நாங்களே பதிலைச் சொல்லிடுவோம். நீ சும்மா நிக்கற. யாராவது வாயைத் தொறக்கறவரைக்கும் நிக்கற."

இது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. ஏன் நிற்கிறேன்? கல்லூரிக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருப்பதால், எப்போதாவது விமானம் போகும்போது பேச்சை நிறுத்திப் பழகிவிட்டேனோ? அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்கிறேனோ? எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருக்கும் என் கணவரிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், வீட்டிலும் நான் அப்படித்தான் என்றார். கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்பேனாம், பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாதாம். இருபது வருஷமாக அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அது கோபம்தானா இல்லையா என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

கூட்டம் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, உயரமான ஜன்னல்கள் வைத்த ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில் நடந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் நன்றாகத் தயாராகி வந்திருந்தார்கள். ஒரு பிசியோதெரபி ஆசிரியர், மாணவர்களின் கண்ணைக் கட்டித் தோள் மூட்டைத் தொட்டு அறியவைக்கும் விதத்தைச் செய்தே காட்டினார். என் முறை வந்ததும், தோழி சொன்னதை அப்படியே சொன்னேன்: கேட்பேன், பிறகு காத்திருப்பேன். ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது.

பல் மருத்துவம் நடத்தும் ஒரு நடுவயது ஆசிரியர் எழுந்தார். "மேடம், யாருமே பதில் சொல்லலைன்னா என்ன பண்ணுவீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி என்றைக்காவது நடந்திருக்கிறதா என்று நினைவில் தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். அரங்கம் அமைதியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்த நேரத்தில், பின்னால் இருந்து ஒரு பெண் குரல், கேள்வியைச் சின்னதாக்கித் திரும்பக் கேட்கலாம் என்றது. உடனே வேறொருவர், பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லலாம் என்றார். மூன்றாவதாக ஒருவர் அதை மறுத்தார். பிறகு யாரோ சிரித்து, மேடம் செய்தே காட்டிவிட்டார் என்று சொல்ல, கைதட்டினார்கள். எனக்குத் தெரியாததற்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல்வருக்கு ஒரே சந்தோஷம்.

திங்கட்கிழமை வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நின்றேன். ஆனால் இப்போது நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் எதைப் பார்ப்பேன்? ஜன்னலையா? மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "மேம், இப்ப நாங்க பேசணுமா?"

பதிலை நானே சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. ஒன்று சட்டென்று பேசிவிடுவேன், இல்லையென்றால் மரம் மாதிரி நிற்பேன்.

இதற்கிடையில் பல் மருத்துவ ஆசிரியர் போன் செய்தார். கேட்டுவிட்டுக் காத்திருப்பதைத் தன் வகுப்பில் அவரும் செய்துபார்த்தாராம். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்களாம். இரண்டாம் நாள் ஒருவன் வந்து, சாருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தானாம். அதற்கடுத்த நாள், வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒரு மாணவி எழுந்து பதில் சொன்னாளாம். அதை இரண்டு முறை சொன்னார். எனக்கு நன்றி சொன்னார். என் வகுப்பில் அது நின்றுபோய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்த மாதம், வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கப் பிள்ளைகளைப் பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். என் மாணவி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாத்திரையைத் தினமும் போடுகிறாரா என்று கேட்டாள். போடுகிறேன் என்றார் அந்த அம்மா, கத்தியை நிறுத்தாமல். வழக்கமாகப் பிள்ளைகள் இந்த இடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இவள் போகவில்லை. அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செதில் தெறித்து அவள் வெள்ளைக் கோட்டில் ஒட்டியது. நான் குறுக்கே பேச இரண்டு முறை வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"மாத்திரையப் போட்டுட்டுக் கூடையத் தூக்கிக்கினு போனா கிர்ருனு வருதும்மா," என்றார் அந்த அம்மா, நிமிராமலே. "அதான் மார்க்கெட்டுக்குப் போற நாள்ல போடறதில்ல."

வாரத்தில் முக்கால்வாசி நாள் மார்க்கெட்டுக்குப் போகிறவர் அவர். சுகாதார நிலையத்து டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்ற வழி செய்தோம்.

வேனுக்கு நடக்கும்போது அந்த மாணவியிடம், யாரைப் பார்த்து அப்படிக் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள் என்று கேட்டேன். என்னைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

அவள் கொஞ்சம் பயந்துபோனாள். "இல்ல மேம். அடுத்து என்ன கேக்கறதுன்னு எனக்கு மறந்துபோச்சு."

திட்டுவதா, பாராட்டுவதா? நன்றாகச் செய்தாய் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வேனில் ஏறினாள்.

அதற்குப் பிறகு வகுப்பு மெல்ல மெல்லச் சரியானது என்றுதான் நினைக்கிறேன். சில நாள் காத்திருக்கிறேன் போலிருக்கிறது, சில நாள் மூச்சுவிடாமல் பேசுகிறேன். தோழியை மறுபடி வந்து பார்க்கச் சொல்லவில்லை.

இந்த வருஷக் கூட்டத்தில் அந்தப் பல் மருத்துவ ஆசிரியர் இதே முறையைப் பற்றிப் பேசினார். நான் கேட்கிறவர்களோடு உட்கார்ந்திருந்தேன். எந்த மாதிரிக் கேள்விக்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது, காத்திருக்கும்போது முகம் எப்படி இருக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கினார். தெளிவாக இருந்தது. நானும் குறித்துக்கொண்டேன். இது இந்த மேடத்திடம் கற்றது என்று என்னைக் கைகாட்டினார், பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து, சரியாகச் சொன்னேனா மேடம் என்று கேட்டார்.

"ரொம்ப சரியா சொன்னீங்க சார்," என்றேன்.