எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பனியாறு

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். எவ்வளவு கரைந்தது என்று தினமும் அளந்து எழுதுவது என் உத்தியோகம். இமயமலையில் பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. பனி உருகி ஓடும் தண்ணீரில் அந்தக் கல்மாவு மெல்லக் கரைகிறது. அதைத்தான் செஞ்சியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பன்னிரண்டு சீசாக்களில் அடைத்து, நாற்பது நாள் குளிரில் வைத்துப் பார்க்கிறோம். முடிவு சரியாக வந்தால்தான் என் வேலை நீடிக்கும். ஒப்பந்த வேலைக்காரர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆட்டோவில்

கல்லூரி ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. சீசாக்களை ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெட்டிக்குள் மீன் இருக்கிறதா என்று கேட்டார் ஆட்டோக்காரர். இமயமலைச் சேறு என்றேன். கோட்டை மலை தாண்டும்வரை அவர் கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நம்ம ஏரில இல்லாத சேறா மேடம்?"

மாவுக்கு இடமில்லை

சீசாக்களுக்காக இட்லி மாவு வெளியே வந்தது, வீடே புளித்தது. மாமியார் மூன்று நாளும் தோசையாகவே சுட்டார். நான்காம் நாள், நான் சீசாக்களைக் குலுக்கி அளவெடுப்பதைப் பார்த்துச் சொன்னார்: "எம் மாவு ஒரே நாள்ல பொங்குது. உன் மாவு அப்டியே இருக்குது."

ஏழாம் சீசா

இருபதாம் நாள் ஏழாம் சீசாவில் கரைந்த அளவு கிடுகிடுவென ஏறியிருந்தது. கலங்கலும் தெளிந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குப் போன் போட்டேன். அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதிவிடலாம் என்றார்.

போனை வைத்ததும் மாமியார் காபியோடு வந்து, மற்ற பதினொன்றுக்கும் போடட்டுமா என்று கேட்டார். குடிதண்ணீர் கலங்கினால் போடும் படிகாரத்தில் ஒரு துண்டை அதில் போட்டிருந்தார். கரைந்தது கல் இல்லை, படிகாரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகமும் சுண்டிப்போனது. "தெனம் அந்தக் கலங்கல பாத்து மூஞ்சி வாடறியே, தெளியட்டும்னுதான் கண்ணு போட்டேன்."

மறுபடியும் போன்

மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அரை மணி நேரம் அதையும் யோசித்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறகு போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். பேராசிரியர் சொன்னார்: "ஏழாவத எடுத்துடு. ஏன் எடுத்தோம்னும் எழுது. பதினொண்ணு போதும்மா."

பதினொன்றும் ஒழுங்காகக் கரைந்தன, வேலையும் நீடித்தது, ஃப்ரிட்ஜில் பாதியை மாவுக்கே கொடுத்துவிட்டேன், படிகார டப்பா மட்டும் என் பீரோவில் பூட்டியிருக்கிறது.