மூச்சுக்கு ஒரு பங்கு

பாடாலூரில் சாலையோரப் புளியமரத்தடியில் பஸ் நிற்கிறது. யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடும் வண்டி இது. பின்னாலிருக்கும் கரியடுப்பு அணைந்துவிட்டது. கண்டக்டர் அதை மறுபடி மூட்டிக்கொண்டிருக்கிறார்.

என் பக்கத்து இருக்கையில் வந்த பெரம்பலூர் ராவுத்தர், தோல் வியாபாரி, ஆஜானுபாகு, துண்டை விரித்துத் தூக்குச்சட்டியைத் திறக்கிறார். நெய்ச்சோறும் கறியும். தட்டு ஒன்றுதான்.

“வாங்க சார், சேந்தே சாப்புடுவோம்.”

எச்சில் பார்க்கிறவன் நான். ஆனால் காலையிலிருந்து பட்டினி. உட்கார்ந்துவிடுகிறேன்.

ராவுத்தர் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்துச் சாப்பிடுகிறார். சீக்கிரமே வேகம் குறைந்து, சோறு மிச்சமிருக்கும்போதே விரல்கள் பருக்கை பருக்கையாகப் பொறுக்குகின்றன.

“உடம்பு சரியில்லையா ராவுத்தரே?”

“உடம்புக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கு. வயித்துல ஒரு பங்கு சோத்துக்கு, ஒரு பங்கு தண்ணிக்கு, ஒரு பங்க மூச்சுக்கு விடணும்னு எங்க நபி சொல்லியிருக்காங்க. எனக்குப் போதும்.”

“அப்புறம் ஏன் கை இன்னும் தட்டுல இருக்கு?”

“நான் கைய எடுத்துட்டா நீங்களும் எந்திரிச்சிடுவீங்கல்ல.”

நான் எழுந்திருக்கவில்லை. அவர் பக்கத்துச் சோற்றையும் கறியையும் முடிக்கிறேன். தட்டு காலியான பிறகுதான் அவர் கை கழுவுகிறார்.

பஸ் கிளம்புகிறது. ஊரைத் தாண்டியதும் மேடு ஏற மாட்டாமல் நின்றுவிடுகிறது. எல்லோரும் இறங்கித் தள்ளுகிறோம். ராவுத்தர் கண்டக்டரோடு பேசிக்கொண்டே தள்ளுகிறார். நான் பாதி மேட்டில் இடுப்பில் கைவைத்து நிற்கிறேன். மூச்சுக்கு விட்டிருக்க வேண்டிய இடத்தில் அவருடைய சோறு இருக்கிறது.